பழைய சுழல் விளக்கின் வயதும் மதிப்பும்: பார்த்துச் சொல்வது எப்படி

போலீஸ் கார், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி ஆகியவற்றின் கூரையில் ஒரு காலத்தில் சுற்றிக்கொண்டிருந்த விளக்குகளைப் பிரித்துச் சரிசெய்வது என் வேலை. சரிசெய்ய வருபவர்களைவிட, "இது எந்தக் காலத்துச் சரக்கு, என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்டு வருபவர்கள்தான் அதிகம். அவர்கள் விளக்கை மேசைமேல் நிமிர்த்தி வைத்து, சிவப்பு மூடியைக் காட்டுவார்கள். நான் அதைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்தைப் பார்ப்பேன். மூடி உடையும், மாறும், புதிதாகவும் கிடைக்கும். அடித்தட்டு, மோட்டார், வயர், திருகு இவையெல்லாம் சுலபத்தில் மாறுவதில்லை. ஒரு விளக்கின் எல்லா உறுப்புகளும் ஒரே காலத்தைச் சொன்னால் அது நல்ல விளக்கு. ஆளுக்கொரு காலத்தைச் சொன்னால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது கூட்டிச் சேர்த்த விளக்கு. விலையில் இந்த இரண்டுக்கும் பெரிய தூரம் உண்டு.

விளக்கு கைக்கு வந்ததும் இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள். துடைக்காதீர்கள், கரண்ட் கொடுக்காதீர்கள். அழுக்கிலும் பழைய பெயின்ட்டிலும் தகவல் இருக்கிறது. ஈரத் துணியால் ஒரு முறை அழுத்தித் துடைத்தால், உள்ளே பென்சிலால் எழுதிய வண்டி எண்கூட அழிந்துபோகும். ஆண்டுக்கணக்கில் நின்றுபோன மோட்டாருக்கு நேராக பேட்டரியைக் கொடுத்தால் உள்ளே உள்ள கம்பிச்சுருள் கருகும். ஒரு சின்ன காந்தம், பூதக்கண்ணாடி, டார்ச், மல்டிமீட்டர், நல்ல ஸ்க்ரூடிரைவர் இருந்தால் போதும். ஒவ்வொரு படியிலும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்ததைத் திரும்பப் பூட்டவும் அது உதவும், விற்கும்போதும் உதவும்.

தகடு சொல்வது

முதலில் பெயர்த்தகட்டைத் தேடுங்கள். அடித்தட்டின் முன்புறத்தில் இருக்கும், அல்லது அடிப்பக்கத்தில். ஃபெடரல், டீட்ஸ், வீலன், மார்ஸ், யூனிட்டி, கோட் 3 என்றால் அமெரிக்கச் சரக்கு. ஹெல்லா, போஷ், ஐஸ்மான் என்றால் ஜெர்மனி. லூகாஸ், பிரிட்டாக்ஸ் என்றால் பிரிட்டன். பேட்லைட் என்றால் ஜப்பான்.

சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது ஃபெடரலின் பீக்கன் ரே வரிசையை. 1948இல் அறிமுகமான விளக்கு அது. அதற்கு முன் வண்டிகளில் நிலையாக எரியும் சிவப்பு ஸ்பாட்லைட்டும், முகப்பில் விளக்கு பதித்த சைரனும்தான் பெரும்பாலும் இருந்தன. சுற்றும் விளக்கு எல்லாத் திசைக்கும் தெரிந்ததால் கூரைக்கு ஏறியது. மாடல் எண்ணைத் தகட்டிலேயே குத்தியிருப்பார்கள். மாடல் 17 தொடக்க காலத்தது. 173, 174, 175 போல மூன்று இலக்கத்தில் வருபவை பிந்தியவை.

எண்ணைவிடத் தகட்டில் உள்ள பெயரும் முகவரியும் எனக்கு அதிகம் உதவுகின்றன. "ஃபெடரல் சைன் அண்ட் சிக்னல்" என்ற நீண்ட பெயர் 1970களின் நடுவில் "ஃபெடரல் சிக்னல்" என்று சுருங்கியது. ஆக, சுருங்கிய பெயர் உள்ள தகட்டை வைத்துக்கொண்டு 1960களின் விளக்கு என்று யாராவது சொன்னால், தகடு மாறியிருக்கிறது அல்லது சொல்பவர் தவறாகச் சொல்கிறார். அமெரிக்கத் தகடுகளில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஓரிலக்க அல்லது ஈரிலக்க எண் மட்டும் இருந்தால், அது 1943 முதல் 1963 வரை வழக்கில் இருந்த தபால் மண்டல எண். ஐந்து இலக்க ஜிப் எண் 1963இல்தான் வந்தது. மாநிலத்தின் பெயரை இரண்டே எழுத்தில் சுருக்குவதும் அப்போது தொடங்கியதுதான். ஜெர்மன் விளக்கில் "மேற்கு ஜெர்மனி" என்று பொறித்திருந்தால் அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1993க்குப் பிந்தியது, ஏனென்றால் அதுவரை அங்கே நான்கு இலக்கம்தான்.

அடுத்தது காப்புரிமை எண். அமெரிக்கக் காப்புரிமைகள் வரிசையாக எண்ணிடப்படுபவை. இருபது லட்சத்தை 1935இல் தாண்டின, முப்பது லட்சத்தை 1961இல், நாற்பது லட்சத்தை 1976 டிசம்பரில். எனவே 2இல் தொடங்கும் ஏழிலக்க எண் என்றால் 1935க்கும் 1961க்கும் நடுவில் கிடைத்த காப்புரிமை. 3இல் தொடங்கினால் 1961க்கும் 1976க்கும் நடுவில். இங்கே பலர் சறுக்குவார்கள். காப்புரிமை கிடைத்த ஆண்டும் விளக்கு தயாரான ஆண்டும் ஒன்றல்ல. அன்றைய சட்டத்தில் காப்புரிமை 17 ஆண்டு செல்லும், அவ்வளவு காலமும் அதே எண்ணைத் தகட்டில் குத்திக்கொண்டே இருப்பார்கள். "இந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது" என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். தோற்றத்துக்கான வடிவக் காப்புரிமைகளுக்குத் தனி எண் வரிசை என்பதையும் மறக்காதீர்கள். அதை இந்தக் கணக்கோடு சேர்த்தால் விளக்குக்கு ஆகாத வயது வந்துவிடும்.

தகடு உண்மையானதா என்று பார்க்க ரிவெட்டின் தலையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தொடாத ரிவெட்டின் தலையில் கீறல் இருக்காது. அதைச் சுற்றியுள்ள அழுக்கு தகட்டிலும் அடித்தட்டிலும் ஒரே மாதிரி படிந்திருக்கும். நெம்பி எடுத்த தகட்டின் ஓரம் லேசாக வளைந்திருக்கும். புதிதாக அச்சடித்த தகட்டில் எழுத்துகள் எல்லா இடத்திலும் ஒரே அழுத்தத்தில், அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கும்.

மூடியைக் கழற்றி உள்ளே

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். மூடியைப் பிடித்திருக்கும் உலோக வளையத்தின் திருகை மெல்லத் தளர்த்துங்கள். அசையவில்லை என்றால் துருவை இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் விட்டுவிடுங்கள். எண்ணெய் திருகில் மட்டும் படட்டும், மூடியில் படக் கூடாது. அழுத்தித் திருகினால் வளையம் வளையும், வளையம் வளைந்தால் மூடி விரியும். வளையத்தின் அடியில் ரப்பர் பீடிங் கல்லாக இறுகியிருக்கும். கத்தியை விட்டுக் கிளப்பாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் அதுவே இளகி வரும்.

உள்ளே எப்படி ஒளி சுழல்கிறது என்று பாருங்கள். பொதுவாக மூன்று வகை. முதலாவது, ஒரு சுழல்மேசைமேல் இரண்டு, மூன்று அல்லது நான்கு சீல்டு பீம் விளக்குகளே (பல்பு, பிரதிபலிப்பான், முகக் கண்ணாடி மூன்றும் ஒரே துண்டாக மூடிய விளக்கு) ஏறி உட்கார்ந்து சுற்றுவது. அமெரிக்க விளக்குகளில் இதுதான் அதிகம். இரண்டாவது, பல்பு நடுவில் அசையாமல் நிற்க, குழிவான பிரதிபலிப்பான் மட்டும் அதைச் சுற்றி வருவது. ஐரோப்பிய விளக்குகள் பெரும்பாலும் இப்படித்தான். மூன்றாவது, விளக்கு முழு வட்டம் சுற்றாமல் அசைந்து அசைந்து ஒளியை வீசுவது. மார்ஸ் விளக்கு எட்டு வடிவத்தில் ஒளியை வீசும். ரயில் எஞ்சினிலும் தீயணைப்பு வண்டியிலும் அது பேர்போனது. மார்ஸ் இயந்திரம் முழுசாக, ஓடுகிற நிலையில் உங்களிடம் இருந்தால் அவசரப்பட்டு விற்க வேண்டாம். அந்த அசைவைத் தரும் உறுப்புகள் தேய்ந்துபோனால் மாற்றுக் கிடைப்பது கடினம்.

சீல்டு பீம் வகையில் சுற்றும் விளக்குக்குக் கரண்ட் போயாக வேண்டும். அதற்காக நடுத்தண்டில் பித்தளை வளையமும், அதில் உரசியபடி நிற்கும் கார்பன் பிரஷும் இருக்கும். டார்ச்சை அங்கே அடியுங்கள். உண்மையில் கூரையில் ஓடிய விளக்கு என்றால் வளையத்தில் மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும், அதைச் சுற்றி கார்பன் தூள் கருப்பாகப் படிந்திருக்கும். விரலால் தொட்டால் மை போல ஒட்டும். வளையம் பளபளவென்று பள்ளமே இல்லாமல் இருந்தால், ஒன்று அது வண்டியில் ஏறாத விளக்கு, அல்லது உள்ளுறுப்பை மாற்றியிருக்கிறார்கள். எது என்பதைக் கண்டுபிடிக்க அடித்தட்டின் துளைகளைப் பார்த்தால் போதும். வண்டியில் ஏறாத விளக்கின் துளை ஓரங்களில் போல்ட் அழுத்திய தடம் இருக்காது.

பிறகு கியர். பழைய கிரீஸ் மெழுகாக இறுகி, பல்லுக்கு நடுவில் தேன் நிறத்தில் உறைந்திருக்கும். அதை நான் மரக்குச்சியால்தான் சுரண்டுவேன். கீழே பல் தேய்ந்திருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். விரலால் சுழல்மேசையை மெதுவாக ஒரு சுற்று தள்ளுங்கள். ஒரே இடத்தில் தட்டினால் பல் போயிருக்கிறது. சுற்று முழுக்க இறுக்கமாக இருந்தால் கிரீஸ்தான், அது சரியாகிவிடும்.

சீல்டு பீம் விளக்கின் முகத்தில் அல்லது முதுகில் ஓர் எண் இருக்கும். 4416 என்ற எண்ணை அடிக்கடி பார்ப்பீர்கள். அது 12 வோல்ட், 30 வாட், பார் 36 அளவு. பார் எண் என்பது விட்டத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்காகச் சொல்வது. 36ஐ எட்டால் வகுத்தால் நாலரை அங்குலம். பார் 46 என்றால் ஐந்தே முக்கால் அங்குலம். விளக்குகள் எல்லாம் ஒரே எண்ணும் ஒரே கம்பெனியுமாக இருந்தால் நல்லது, ஆனால் இல்லை என்பதற்காகக் கவலைப்பட வேண்டாம். பல்பு எரிந்து மாறும் பொருள்தான். பொருத்தும் இடத்தைப் பாருங்கள், அதுதான் முக்கியம். ஐரோப்பிய விளக்கில் எச்1 ஹாலோஜன் பல்புக்கான ஹோல்டர் இருந்தால், அது 1962க்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்தப் பல்பே அப்போதுதான் வந்தது. 1950களின் விளக்கு என்று சொல்லிக் கொண்டுவருவதில் எச்1 ஹோல்டர் இருந்தால் பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள்.

வோல்டேஜ் இன்னொரு நல்ல சாட்சி. அமெரிக்கக் கார்கள் 1950களின் நடுவில் 6 வோல்டிலிருந்து 12 வோல்டுக்கு மாறின. மோட்டாரிலும் பல்பிலும் 6 வோல்ட் என்று இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்திய வண்டிக்கானது. அடித்தட்டு 6 வோல்ட் காலத்தது, மோட்டார் 12 வோல்ட் என்றால் அந்தக் காலத்திலேயே பட்டறையில் மாற்றியிருக்கலாம். வண்டி மாறும்போது விளக்கையும் மாற்றிக்கொள்வார்கள், அது விளக்கின் சரித்திரத்தில் ஒரு பகுதி. அதைக் குறையாக நான் சொல்வதில்லை, ஆனால் விற்கும்போது எழுத வேண்டும். 24 வோல்ட் என்றால் லாரி அல்லது பெரிய தீயணைப்பு வண்டி.

வயரைப் பாருங்கள். துணி பின்னிய ரப்பர் வயர் பழையது, பிளாஸ்டிக் உறை பிந்தியது. திருகுகளில் நேர்வெட்டுத் தலையும் நட்சத்திரத் தலையும் கலந்து கிடந்தால், யாரோ கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். திருகு சின்ன விஷயம்தான். ஆனால் திருகு மாறிய இடத்தில் வேறெதுவும் மாறியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்ப்பேன்.

மூடி

கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்பது முதல் கேள்வி. நகத்தால் தட்டினால் கண்ணாடி கணீரென்று ஒலிக்கும், பிளாஸ்டிக் மந்தமாக ஒலிக்கும். கண்ணாடி கன்னத்தில் வைத்தால் குளிரும், கையில் கனக்கும். பழைய சிக்னல் கண்ணாடிகளில் சிவப்பு, செலினியமும் காட்மியமும் கலந்த சிவப்பு. நீலம் கோபால்ட். இந்த நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருப்பதால் வெயிலில் வெளுக்காது. சிவப்புக் கண்ணாடி மூடி சில்லு பெயராமல் இருந்தால், மொத்த விளக்கின் மதிப்பையும் அது தூக்கி நிறுத்தும்.

பிளாஸ்டிக்கில் முக்கியமாக இரண்டு. அக்ரிலிக் பழையது, பாலிகார்பனேட் பிந்தியது. பாலிகார்பனேட்டை 1953இல் கண்டுபிடித்தார்கள், கடைக்கு வந்தது அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான். அக்ரிலிக் வயதானால் உடம்பெல்லாம் மயிரிழை விரிசல் விடும். விளக்கைச் சாய்த்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் சிலந்தி வலை போலத் தெரியும். பாலிகார்பனேட் விரிசல் விடுவதற்குப் பதிலாக மங்கும், மஞ்சளிக்கும். மேல் கீறலைத் தேய்த்துப் போக்கலாம், உள்விரிசலை யாராலும் போக்க முடியாது. "பாலிஷ் போட்டால் சரியாகிவிடும்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

நிறம் வெளுத்திருக்கிறதா என்று அறிய மூடியின் விளிம்பைப் பாருங்கள். ரப்பரும் வளையமும் மறைத்த அரை அங்குலத்தில் வெயில் பட்டிருக்காது, தொழிற்சாலையிலிருந்து வந்த அதே நிறம் அங்கே இருக்கும். விளிம்பு அடர்சிவப்பாகவும் உச்சி ஆரஞ்சாகவும் இருந்தால் உண்மையில் வெயிலில் ஓடிய மூடி. மூடி முழுக்க ஒரே நிறம், விளிம்பில் வளையம் உரசிய தடமும் இல்லை, அடித்தட்டு மட்டும் துருப்பிடித்திருக்கிறது என்றால் அது பிற்பாடு வந்த மூடி. புதிதாக வார்க்கப்பட்ட மாற்று மூடிகள் சந்தையில் நிறைய உண்டு, சில மிக நன்றாகவே இருக்கும். அவற்றைப் போட்டு விளக்கை ஓட விடுவதில் தப்பில்லை. அசல் என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

அசல் மூடியில் வார்ப்பு அடையாளங்கள் இருக்கும். கம்பெனி முத்திரை, பாக எண், சிலவற்றில் கடிகாரம் போன்ற சின்ன வட்டம். அந்த வட்டத்தின் அம்பு மாதத்தையும், நடுவில் உள்ள எண் ஆண்டையும் காட்டும். அமெரிக்க மூடியில் எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர்களின் தர அமைப்பு) குறியீட்டுக்குப் பக்கத்தில் இரண்டிலக்க எண் இருந்தால் அது தர விதி வந்த ஆண்டு, தயாரித்த ஆண்டு அல்ல. ஜெர்மன் மூடியில் மூன்று அலைக்கோடும் கே என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அந்த நாட்டின் பழைய அங்கீகார முத்திரை. வட்டத்துக்குள் ஈ என்ற ரோமன் எழுத்தும் எண்ணும் இருந்தால் ஐரோப்பிய அங்கீகாரம். எண் 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். சுழல் விளக்குக்கான ஐரோப்பிய விதி 65 நடைமுறைக்கு வந்தது 1986இல், ஆகவே அந்த விதியின் அங்கீகார எண் உள்ள விளக்கு அதற்குப் பிந்தியது.

நிறத்திலும் தகவல் உண்டு. ஜெர்மனியில் 1938 முதல் அவசர வண்டிக்கு நீலம். போர்க்கால விளக்கணைப்பில் வானத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது எளிதில் தெரியாது என்பது காரணம். அமெரிக்காவில் சிவப்பு பரவலாக இருந்தது, பிற்பாடு நீலமும் சேர்ந்தது. மஞ்சள் மூடி பெரும்பாலும் பழுதுபார்க்கும் வண்டி, சாலைப்பணி வண்டி. போலீஸ் விளக்கின் அடித்தட்டில் மஞ்சள் மூடி இருந்தால் ஓய்வுபெற்ற பிறகு வேறு வண்டியில் ஓடியிருக்கும். மஞ்சள்தான் எளிதில் கிடைப்பது, விலையும் குறைவு.

நீள விளக்குகளும் ஸ்ட்ரோபும்

இரண்டு சுழல் விளக்கையும் நடுவில் ஒலிபெருக்கியையும் ஒரே கம்பியில் பூட்டிய நீள விளக்குகள் 1960களின் கடைசியிலும் 1970களிலும் பரவின. ஃபெடரலின் விசிபார், ட்வின்சோனிக் வரிசைகளும் கோட் 3 கம்பெனியின் வரிசைகளும் இந்த ரகம். பார்க்கும் முறை அதேதான், ஆனால் இரு பக்க மூடியும் ஒரே வயதா, நடுவிலுள்ள ஒலிபெருக்கியும் அதன் வலைத்தட்டும் இருக்கிறதா, வண்டியில் பூட்டும் கொக்கிகள் வந்திருக்கின்றனவா என்று கூடுதலாகப் பாருங்கள். கொக்கி இல்லாமல் வரும் நீள விளக்குகள்தான் அதிகம், கொக்கியோடு வந்தால் வாங்குபவருக்குப் பெரிய நிம்மதி.

செனான் ஸ்ட்ரோப், அதாவது சுற்றாமல் பளிச் பளிச்சென்று மின்னும் விளக்கு என்றால் ஓர் எச்சரிக்கை. அதன் மின்பெட்டியில் உள்ள கெபாசிட்டர் பல நூறு வோல்டைத் தேக்கி வைத்திருக்கும். வயரைக் கழற்றிய பிறகும் அது உயிரோடு இருக்கும். பழக்கமில்லாதவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

மதிப்புப் போடுவது

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே வோல்டேஜ், ஏறக்குறைய ஒரே நிலை உள்ள சிலவற்றைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிடுங்கள். இரண்டு பேர் போட்டி போட்டால் விலை வானத்துக்குப் போகும், படம் மங்கலாக இருந்தால் நல்ல விளக்கும் அடிமாட்டு விலைக்குப் போகும்.

அதன் பிறகுதான் உங்கள் விளக்கை அந்த வரிசையில் எங்கே வைப்பது என்ற கேள்வி. என் கணக்கில் அசல் மூடிக்குத்தான் முதல் இடம். அடுத்து தகடும் அடித்தட்டும். மோட்டார் ஓடுவது மூன்றாவது. இது பலருக்கு வியப்பாக இருக்கும். ஓடாத மோட்டாரை நான் அல்லது என்னைப் போன்ற ஒருவர் ஓட வைத்துவிடலாம். விரிசல் விட்ட மூடியை யாரும் பழையபடி ஆக்க முடியாது. குரோம் பூச்சு புதிதாகப் போட்டிருந்தால் கவனமாகப் பாருங்கள். மெருகேற்றும்போது விளிம்புகள் மழுங்கி, பொறித்த எழுத்துகள் கரைந்திருக்கும். புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்த அசல் குரோமை நான் அதைவிட உயர்வாக மதிப்பேன். காந்தம் ஒட்டினால் அடித்தட்டு இரும்பு. ஒட்டாமல், மேற்பரப்பில் கொப்புளம் விட்டிருந்தால் துத்தநாக வார்ப்பு. அந்தக் கொப்புளத்தை நீக்குவது செலவு பிடித்த வேலை, விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கூடுதலாகப் போட்ட துளைகளுக்கும் கழிக்க வேண்டும்.

விலையை ஏற்றுபவையும் உண்டு. அசல் அட்டைப்பெட்டி, பூட்டும் முறையைச் சொல்லும் தாள், அந்தக் காலத்து சுவிட்ச். விளக்கு இருந்த வண்டியின் பழைய படம் கிடைத்து, அதில் அதே விளக்கை அடையாளம் காண முடிந்தால் இன்னும் நல்லது. வெறும் கதைக்கு விலை கிடையாது. "இது பெரிய துரத்தலில் ஓடிய காரின் விளக்கு" என்று சொல்வார்கள், கையில் எதுவும் இருக்காது. உள்ளே பெயின்ட்டில் எழுதிய வண்டி எண்ணோ துறையின் சரக்கு எண்ணோ இருந்தால் அது ஆதாரம். அதைப் பெரிதாகப் படம் எடுத்துப் போடுங்கள்.

வாங்குபவர் யார் என்பதையும் நினையுங்கள். 1950களின் போலீஸ் காரைப் புதுப்பிப்பவருக்கு அந்த ஆண்டுக்கான சரியான மாடல் வேண்டும், அவர் நல்ல விலை கொடுப்பார். திரைப்பட வண்டியின் நகலைச் செய்பவருக்குத் திரையில் தெரிந்த அதே மாடல்தான் வேண்டும், அதனால் சில சாதாரண விளக்குகளின் விலைகூட ஏறிவிடுகிறது. அலமாரியில் வைப்பவருக்கு மூடியின் அழகு போதும்.

பிரித்துப் பாகம் பாகமாக விற்றால் அதிகம் வரும் என்று சிலர் சொல்வார்கள். பல சமயம் அது உண்மையும்கூட. ஏற்கெனவே கலந்துபோன விளக்கைப் பிரித்து விற்றால் நான் எதிர்ப்பு சொல்ல மாட்டேன், அந்தப் பாகங்கள் வேறு விளக்கைக் காப்பாற்றும். ஆனால் மூடி, தகடு, மோட்டார், வயர் எல்லாம் ஒரே காலத்தைச் சொல்லும் முழு விளக்கைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள். அப்படிப்பட்டவை குறைந்துகொண்டே வருகின்றன. பிரித்ததை எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்பச் சேர்க்க முடியாது.

ஓட்டிக் காட்டுவது, அனுப்புவது

ஓட்டிப் பார்க்கும் முன் மல்டிமீட்டரில் மோட்டாரின் தடையையும், வயர் அடித்தட்டோடு உரசவில்லை என்பதையும் பாருங்கள். விளக்குகளைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும், ஃபியூஸ் வழியாக, சில விநாடி ஓட்டுங்கள். புகை வாசனை இல்லை, சத்தம் சீராக இருக்கிறது என்றால் சரி, விளக்குகளைச் சேர்க்கலாம். 30 வாட் விளக்கு நான்கு என்றால் மொத்தம் 120 வாட், 12 வோல்டில் 10 ஆம்பியர். சின்ன அடாப்டரில் கொடுத்துவிட்டு "சுற்றவில்லை" என்று சொல்பவர்கள் அதிகம். கார் பேட்டரி அல்லது அந்த ஆம்பியரைத் தாங்கும் பவர் சப்ளை வேண்டும். நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றினால், இரண்டு விளக்கு உள்ளதில் 90 மின்னல், நான்கு உள்ளதில் 180. உங்கள் விளக்கின் வேகத்தைக் கடிகாரம் வைத்து எண்ணி, விற்கும்போது எழுதுங்கள்.

மூடியைக் கழுவ வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எதுவும் அக்ரிலிக் மேல் படக் கூடாது. பட்டால் கண்ணெதிரே விரிசல் விடும்.

விளம்பரத்தில் மூடியின் விளிம்பு, தகடு, அடிப்பக்கத் துளைகள், சுழல்மேசை, பித்தளை வளையம், விரிசல் தெரியும்படி பக்கவாட்டு வெளிச்சத்தில் மூடி, இருட்டில் ஓடும் சின்னக் காணொளி இவ்வளவும் இருக்கட்டும். மாற்றியவை எவை என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அனுப்பும்போது மூடியையும் சீல்டு பீம்களையும் கழற்றித் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். உள்ளேயே விட்டால், வழியில் ஒரு விளக்கு கழன்று உள்ளிருந்தே மூடியை உடைத்துவிடும். சுழல்மேசை அசையாமல் துணி நாடாவால் கட்டுங்கள், ஒட்டும் டேப் வேண்டாம், பெயின்ட்டைப் பிய்க்கும். வாங்குபவர் வண்டியில் பூட்டப்போகிறேன் என்று சொன்னால், சிவப்பும் நீலமும் சாலையில் யாருக்கு அனுமதி என்பதை அவர் ஊர்ச் சட்டத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுத்தில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். பல நாடுகளில் தனியார் வண்டியில் அவற்றை எரியவிட்டால் வழக்குதான்.